எங்க முற்றத்து வெளியூர்க்காரி

யார் வந்தாலும் தோங் பெரியம்மா ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்து வைப்பார். "இது எங்க முற்றத்து மாதுளை மரம். அது எங்க முற்றத்துக் குழாய், குளிர்காலத்துல உறைஞ்சு போயிடும். இது எங்க முற்றத்து வெளியூர்க்காரி." மரத்துக்கும் குழாய்க்கும் அடுத்தபடியாக மூன்றாவதாக நின்று மெய்ஜூ சிரித்து வைப்பாள். பதினொரு வருடங்களாகச் சிரித்து வைக்கிறாள்.

பெய்ஜிங்கின் பழைய சந்து ஒன்றில், ஐந்து குடித்தனங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் வீடு அது. தோங் பெரியம்மா முப்பது வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது, அவர் குரலுக்குக் கிடைக்கவில்லை. வாசலை ஒட்டி, ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்திருந்த அறையில் வாடகைக்கு இருப்பவள் மெய்ஜூ. தெற்கே ஹுனான் மலைப்பக்கத்துக்காரி. விடியற்காலையில் மூன்று சக்கர வண்டியில் சந்து முழுக்கப் பால் புட்டி போடுவாள். பிற்பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள். புருஷனுக்கு லிஃப்ட் மாட்டும் வேலை. எந்த ஊரில் உயரமான கட்டடம் எழும்புகிறதோ அந்த ஊரில் இருப்பான்.

அங்கே ஆளாளுக்குக் குடிப்பதிவு என்று ஒன்று உண்டு. நம் ரேஷன் கார்டுக்கு மீசை முளைத்து, அதிகாரமும் கையில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அட்டை போட்ட சின்னப் புத்தகம்தான். அதில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் ஊர். கால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், புத்தகம் கிளம்பாது. மெய்ஜூவின் மகள் மான்மான் பிறந்தது பெய்ஜிங் ஆஸ்பத்திரியில். பேசுவது நாக்கைச் சுருட்டிச் சுருட்டிப் பேசும் சுத்தமான பெய்ஜிங் பேச்சு. ஆனாலும் புத்தகத்தின்படி அவள் ஹுனான்காரி. இரண்டே தடவை பார்த்து, இரண்டு தடவையும் பேருந்தில் வாந்தியெடுத்த ஊர் அவளுக்குச் சொந்த ஊர்.

மெய்ஜூவைக் காட்டிக் கொடுக்கப் புத்தகம்கூடத் தேவையில்லை. அவள் வாயைத் திறந்தால் போதும். பெய்ஜிங்காரர்களுக்கும் நம்மைப் போலவே 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. எதிரில் நிற்பவரைச் சேர்த்துக்கொண்டால் ஒன்று, விட்டுவிட்டால் இன்னொன்று. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மெய்ஜூவின் ஊர்ப் பேச்சிலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் வந்த புதிதில், முற்றத்துப் பெண்கள் சந்தைக்குக் கிளம்பும்போது அவளும் பையை எடுத்துக்கொண்டு வந்து, "வாங்க பெரியம்மா, நாங்க போகலாம்" என்பாள். நீங்கள் போவதென்றால் போங்கள், நடுவில் என்னை எதற்கு வரச் சொல்கிறாய் என்று தோங் பெரியம்மா திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவே அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. விளங்கிய பிறகும் நாக்கு சொன்னபடி கேட்கவில்லை. அவசரத்திலும் பயத்திலும் சந்தோஷத்திலும் 'நாங்க'தான் முந்திக்கொண்டு வரும்.

தோங் பெரியம்மா அந்த விஷயத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. எங்க முற்றம், எங்க சந்து, எங்க வெளியூர்க்காரி. மெய்ஜூ பக்கத்திலேயே நின்றாலும் 'எங்க'தான். வித்தியாசம் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று மெய்ஜூவுக்குச் சில நாள் தோன்றும். தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஒவ்வொரு 'எங்க'வும் அவள் காதில் முள்ளாகத் தைத்தது. ஆனால் அதைச் சொன்னால் இன்னொரு கேலிக்கு வழியாகும் என்று சொல்லாமலே இருந்துவிட்டாள்.

அவள் பேச்சால் உண்மையிலேயே நஷ்டப்பட்டவர் ஒருவர் உண்டு. எதிர் அறையில் தனியாக இருக்கும் வென் பெரியப்பா. மனைவி போன பிறகு அவருக்கு எல்லாமே ஒரு மைனாதான். பெய்ஜிங்கில் பறவை வளர்க்கும் கிழவர்கள் பறவையின் வாய்ச் சுத்தத்தை உயிராக மதிப்பார்கள். வேண்டாத சத்தம் ஒன்றைப் பறவை கற்றுக்கொண்டுவிட்டால் அதற்கு வாய் அழுக்காகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எந்தச் சபையிலும் அதற்கு மதிப்பில்லை. மெய்ஜூ தினமும் விடியற்காலையில் அவர் ஜன்னலில் பால் புட்டியை டங்கென்று வைத்துவிட்டு, "வாங்க, நாங்க பால் குடிக்கலாம்" என்று மைனாவிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போவாள். ஒரு வசந்த காலத்தில் மைனா அதையே சொல்லிற்று. அச்சு அசல் ஹுனான் உச்சரிப்பு, அதே தப்பான 'நாங்க', கடைசியில் அவள் மிளகாய் வறுக்கும்போது முற்றமே இருமும் இருமல் ஒன்று இனாமாக.

வென் பெரியப்பா பூங்காவுக்குக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனபோது மற்ற கிழவர்கள் தங்கள் கூண்டுகளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்கள். தொற்றிக்கொள்ளும் என்று பயம். அன்றிலிருந்து அவர் பூங்காவுக்குப் போவதில்லை. மெய்ஜூவிடம் இதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பாலை வேறு ஜன்னலில் வைக்கச் சொல்லவும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மான்மானுக்கு ஆறு வயது முடிந்தது. சந்து முனையிலேயே பள்ளிக்கூடம். மணி அடித்தால் முற்றத்தில் கேட்கும். ஆனால் வெளியூர்ப் பதிவுள்ள பிள்ளைக்கு அங்கே இடம் வேண்டுமென்றால் காகிதம் மேல் காகிதமாகச் சேர்க்க வேண்டும். நான்கு மாதம் அலைந்து மெய்ஜூ எல்லாவற்றையும் சேர்த்துவிட்டாள். ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஊர்க்காரர்களிடமே எழுதி வாங்க இரண்டு நாள் ரயிலில் போய் வந்தாள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அவள் மெய்யாகவே இந்த முகவரியில்தான் குடியிருக்கிறாள் என்று அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் நேரில் வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதித் தர வேண்டும். அது கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட்டுப் பிள்ளையோடு ஹுனானுக்கே திரும்பிவிடுவது என்று புருஷனும் அவளும் முடிவு செய்திருந்தார்கள். பிள்ளையை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் தாய்மார்களை அவளுக்குத் தெரியும். அப்படி இருக்கத் தன்னால் ஆகாது என்பதும் தெரியும்.

புதன்கிழமை பிற்பகல் அவள் அவசர அவசரமாகத் தோங் பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். நாளைக் காலை பத்து மணிக்கு ஆள் வருகிறார், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், எல்லோரையும் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு சலவைக்கடைக்கு ஓடிவிட்டாள். கூட ஐந்து நிமிடம் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தோங் பெரியம்மா உடனே முற்றத்தில் கூட்டம் போட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இடம் கொடுக்க அந்த அலுவலகத்துக்கு மனசே இல்லை, அதனால்தான் இத்தனை காகிதம் கேட்கிறது என்பது அவர் கட்சி. ஆகவே நாளை ஒரு பொழுது 'வெளியூர்க்காரி' என்ற வார்த்தையை ஒருவரும் வாயில் எடுக்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. அதை அதிகம் எடுப்பது நீங்கள்தானே என்று வென் பெரியப்பா ஞாபகப்படுத்தினார். தோங் பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை முப்பது வருடம் பார்த்த பார்வை அது.

வியாழக்கிழமை காலை மெய்ஜூவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பயம் வந்தால் அவளுக்கு ஏதாவது சமைக்க வேண்டும். அரிசி நூடுல்ஸுக்கென்று மிளகாயைக் கொத்தி எண்ணெயில் போட்டாள். முற்றம் முழுக்க நெடி பரவிற்று. இன்றைக்குமா என்று தோங் பெரியம்மா முந்தானை இல்லாத குறையாகக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். அதே முற்றத்தில் குடியிருக்கும் டாக்ஸிக்காரன் டிங் இருமிக்கொண்டே கதவைச் சாத்தினான். மைனாவும் தன் பங்குக்கு இருமிற்று. அந்த நேரம் பார்த்து வாசலில் அந்த ஆள் வந்து நின்றான்.

லியாவ் என்று பெயர். இருபத்தாறு வயதிருக்கும். கையில் கோப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா. எல்லோரும் இருமிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் இருமவில்லை, மூச்சை ஆழமாக ஒருமுறை இழுத்துக்கொண்டான். அன்று எல்லோருக்கும் அவரவர் கவலை. அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறைக்குள் போய்ப் பார்த்தான். கட்டில், பிள்ளையின் செருப்பு, ஜன்னலோரம் மிளகாய் ஊறுகாய் ஜாடி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். பிறகு மாதுளை மரத்தடியில் மடக்கு மேஜையைப் போட்டு உட்கார்ந்தான். அக்கம்பக்கத்தார் பேசி முடிக்கும்வரை மனுதாரர் குறுக்கே பேசக்கூடாது என்று பணிவாகச் சொன்னான். மெய்ஜூ ஏப்ரனின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

முதலில் தோங் பெரியம்மா. மெய்ஜூவை எத்தனை நாளாகத் தெரியும் என்று அவன் கேட்டான்.

"எத்தனை நாளாவா? என் தங்கச்சி மகளாச்சே. இந்த வீட்டுலதான் பொறந்தா. இந்தக் கையாலதான் குளிப்பாட்டினேன்."

மெய்ஜூ ஓரடி முன்னால் வந்தாள். கண்ணால் சாடை காட்டினாள். தோங் பெரியம்மா அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். அடுத்து வந்த வென் பெரியப்பா, முன்னவர் சொன்னதைக் காது மந்தத்தால் சரியாகக் கேட்கவில்லை. மெய்ஜூ தன் காலஞ்சென்ற மனைவியின் தம்பி மகள் என்றும், சின்ன வயதில் இந்த மாதுளை மரத்திலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள் என்றும் வாக்குமூலம் கொடுத்தார். டிங் தன் பங்குக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து மெய்ஜூவும் தானும் ஒரே பெஞ்சு என்றான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெய்ஜூவுக்கு முப்பத்தாறு.

லியாவ் எழுதுவதை நிறுத்தினான். கோப்பைப் புரட்டி ஹுனான் முத்திரை குத்திய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். கோபமாகப் பேசினால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. அவன் வருத்தமாகப் பேசினான்.

"இது வெளியூர்க்காரங்களுக்கான மனு. இவங்க இந்த ஊர்க்காரங்கன்னா இந்த மனுவே செல்லாது. வெளியூர்க்காரங்கன்னா நீங்க மூணு பேரும் சொன்னது பொய். ரெண்டுல எதை எழுதினாலும் நான் 'சாட்சி பொருந்தவில்லை'ன்னுதான் முடிக்கணும்."

சந்து முனையில் பள்ளிக்கூட மணி அடித்தது.

மெய்ஜூ நின்ற இடத்திலேயே நின்றாள். பதினொரு வருடங்களாக அவள் ஆசைப்பட்டது இந்த வார்த்தைகளுக்குத்தான். இந்த வீட்டில் பிறந்தவள், இந்த மரத்திலிருந்து விழுந்தவள். ஒருநாளும் கிடைக்காதது இன்று மூன்று வாயிலிருந்து ஒரே நேரத்தில் கிடைத்தது, அவளுக்கு ஆகாத ஒரே நாளில். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேசக்கூடாது என்று சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் வெளியூர்க்காரிதாங்க," என்றாள். "பெரியம்மா, சொல்லுங்க. தினம் சொல்லுவீங்களே. இன்னைக்கு ஒரு தடவை சொல்லுங்க."

தோங் பெரியம்மா வாயைத் திறந்தார். பேருந்தின் கடைசி இருக்கைவரை எட்டிய அந்தக் குரல் முதல்முறையாகத் தொண்டையில் நின்றுகொண்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன வார்த்தைதான். ஆனால் அவள் போய்விடுவாள், வாசலறையில் திரும்பவும் நிலக்கரிதான் இருக்கும் என்று நேற்று ராத்திரி நினைத்துப் பார்த்ததிலிருந்து அது வேறு வார்த்தையாகிவிட்டிருந்தது. அவருக்கு அவமானமாகவும் இருந்தது. நல்லது செய்யப் போய்ப் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டாயிற்று.

"குழாய்," என்றாள் மெய்ஜூ கெஞ்சலாக. "நான் வந்த முதல் குளிர்காலம். குழாயைச் சொல்லுங்க."

குழாய் என்றதும் தோங் பெரியம்மாவுக்கு உயிர் வந்தது. திட்டுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"ஆமா தம்பி. உறைஞ்ச குழாய்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணிய ஊத்தின அறிவாளி இவதான். குழாய் உறைஞ்சே பார்க்காத ஊருல பொறந்தவதான் அப்படிச் செய்வா. குழாய் வெடிச்சு, முற்றம் முழுக்க ஐஸ் ஆகி, இந்த மனுஷன் வழுக்கி விழுந்து மூணு வாரம் படுக்கை."

வென் பெரியப்பா உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து தன் இடுப்பு எலும்பின் எக்ஸ்ரே படத்தை எடுத்து வந்தார். லியாவ் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். மூலையில் தேதி தெளிவாக இருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி. அந்த மூன்று வாரமும் வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டு வந்தது யார் என்பது மட்டும் எக்ஸ்ரேயில் விழவில்லை என்று வென் பெரியப்பா முணுமுணுத்தார்.

அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். புத்தாண்டுக்கு முற்றமே உட்கார்ந்து ஜியாவ்ஸிக் கொழுக்கட்டை மடிக்கும்போது இவள் மடித்தது மட்டும் தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டு பூரணத்தைக் கக்கும், பதினொரு புத்தாண்டாக அப்படித்தான் என்று டிங் சாட்சி சொன்னான். கூடப் படித்ததாகச் சொன்னது வாய் தவறி வந்துவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டான். மிளகாய்ப் புகையால் தன் போர்வைகள் நாறிய நாள்களைத் தோங் பெரியம்மா பண்டிகை வாரியாகச் சொன்னார். மான்மான் பிறந்த அன்று மெய்ஜூ வலி பொறுக்காமல் டிங்கின் டாக்ஸியில் யாருக்கும் புரியாத ஹுனான் பேச்சில் கத்திக்கொண்டே போனது, திரும்பி வரும்போது தோங் பெரியம்மாவின் மடியில் பிள்ளை தூங்கியது எல்லாம் வந்தது. இத்தனை வருடக் குறைகளையும் இவர்கள் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று மெய்ஜூ திகைத்துப் போனாள். அவளுக்கே மறந்துபோனவை அதில் பாதி.

லியாவ் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதினான். ஆனாலும் அவனுக்கு ஒரு சங்கடம். கால்மணி நேரத்துக்கு முன்னால் பொய் சொன்ன அதே வாய்கள்தானே இவை. யாராலும் சொல்லிக் கொடுத்துப் பேச வைக்க முடியாத ஒரு சாட்சி இருந்தால் தேவலை என்றான்.

வென் பெரியப்பா எழுந்து போய்க் கூண்டை எடுத்து வந்தார். மேஜைமேல் வைத்து, மூடியிருந்த துணியை நீக்கினார். வாய் அழுக்கான பறவையை வேற்று மனிதர் முன்னால் திறந்து காட்டுவது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் காது சிவந்திருந்தது.

மைனா லியாவைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. இறகைக் கோதிக்கொண்டது. பேசவில்லை. தோங் பெரியம்மா கொஞ்சினார், பிறகு மிரட்டினார். டிங் விசிலடித்தான். அது பாட்டுக்குத் தினையைக் கொறித்தது. மெய்ஜூ சட்டென்று உள்ளே போய்க் காலிப் பால் புட்டி ஒன்றை எடுத்து வந்து, தினமும் ஜன்னலில் வைப்பதுபோலவே மேஜைமேல் டங்கென்று வைத்தாள்.

"வாங்க, நாங்க பால் குடிக்கலாம்," என்றது மைனா. பிறகு நீளமாக ஒரு இருமல்.

லியாவ் மெய்ஜூவைப் பார்த்தான், மைனாவைப் பார்த்தான். இரண்டும் ஒரே குரல். பறவை இந்த வாக்கியத்தை எத்தனை வருடமாகச் சொல்கிறது என்று கேட்டான். எட்டு வருடம் என்றார் வென் பெரியப்பா. சபையில் இதற்கு இடமில்லாமல் போய் எட்டு வருடம், அதனால் கணக்கு தவறாது.

அதற்குமேல் சந்தேகப்பட அவனுக்கு வழியில்லை. புதுத் தாளை எடுத்து எழுதினான். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்தால் முத்திரை குத்தித் தருவதாகவும், அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் போதும் என்றும் மெய்ஜூவிடம் சொன்னான். மெய்ஜூ ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் சாட்சிகளுக்காகத் தாளை வாசித்துக் காட்டினான்.

"'எங்கள் முற்றத்தில் பதினொரு ஆண்டுகளாகக் குடியிருக்கும் பெங் மெய்ஜூ வெளியூர்வாசி என உறுதி கூறுகிறோம்.' இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

தோங் பெரியம்மா பேனாவை வாங்கினார். தாளைப் பார்த்தபடி இருந்தார். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"தப்பா இருக்கு. 'நமது'ன்னு போடுங்க."

"எந்த இடத்துலம்மா?"

"முதல் வார்த்தை. 'எங்கள்' வேண்டாம். 'நமது முற்றத்தில்'."

லியாவ் தாளைப் பார்த்தான். உண்மையாகவே புரியாமல் கேட்டான். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

டிங் வாயில் வைக்கப்போன சிகரெட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். வென் பெரியப்பா தோங் பெரியம்மாவைப் பார்த்தார். அவர் மெய்ஜூவைப் பார்த்தார். பிறகு எல்லோருமாக லியாவைப் பார்த்தார்கள்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று வென் பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

லியாவுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. ஜியாங்சி என்றான். ஹுனானுக்குப் பக்கத்து மாகாணம், மலைக்கு அந்தப் பக்கம். பெய்ஜிங்கில் படித்து வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. பதிவு இங்கேதானே என்று தோங் பெரியம்மா விடாமல் கேட்டார். இங்கேதான், ஆனால் தனிப் புத்தகம் கிடையாது, அலுவலகத்துக் கூட்டுப் பதிவில் தனக்கென்று ஒரே ஒரு தாள் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும் என்றான்.

"அதான் மிளகாய் நெடிக்கு நீங்க இருமல," என்றார் தோங் பெரியம்மா.

பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. அவ இதோ நிக்கறா. அவ நிக்கறப்போ 'எங்க'ன்னா, அவளைத் தள்ளி நிறுத்திட்டுப் பேசறதா அர்த்தம். பதினோரு வருஷமா நான் அப்படித்தான் பேசினேன். விளையாட்டுக்குத்தான் பேசினேன். கையெழுத்துப் போட்டு அதையே சொல்ல மாட்டேன். வெளியூர்க்காரின்னு நல்லாப் பெரிசா எழுதுங்க. நம்ம வெளியூர்க்காரின்னு எழுதுங்க."

மெய்ஜூவின் காது இப்போது தேர்ந்த காது. ஒரு எழுத்துகூட அதற்குத் தப்பவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, ஆனால் அவசரத்தில் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

லியாவ் 'எங்கள்' என்பதை அடித்து 'நமது' என்று எழுதினான். தோங் பெரியம்மா கையெழுத்துப் போட்டார், பின்னாலேயே மற்ற இருவரும். தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டே, அலுவலகத்தில் தான் பேசும்போது சில சமயம் எல்லோரும் சிரிப்பதாகவும், நான்கு வருடமாகக் காரணம் தெரியவில்லை என்றும், எது எப்போது வரும் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

மெய்ஜூ தட்டோடு வெளியே வந்தாள். தட்டில் ஐந்து கிண்ணம் அரிசி நூடுல்ஸ், மேலே சிவக்கச் சிவக்க மிளகாய். மூன்று கிண்ணங்களை முற்றத்தாருக்கு வைத்தாள். அவர்கள் இருமத் தயாராகிக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். நான்காவதை லியாவ் முன்னால் வைத்தாள். மனுதாரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று விதி இருப்பதாக அவன் சொன்னான். கண் என்னவோ கிண்ணத்தை விட்டு நகரவில்லை.

"மனுதாரர் வீட்டுல யார் சாப்பிடச் சொன்னா?" என்றார் தோங் பெரியம்மா. "இது நம்ம முற்றம்."

மெய்ஜூ தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "ரொம்ப சுலபங்க," என்றாள். "'நாங்க சாப்பிடலாம்'னா நீங்க பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். இன்னொண்ணுன்னா உங்களுக்கும் ஒரு கிண்ணம் இருக்கும்." குச்சிகளை அவன் பக்கம் நீட்டினாள்.

தோங் பெரியம்மா பழக்க தோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டார்.

"வாங்க," என்றாள் மெய்ஜூ. "நாம சாப்பிடலாம்."